ஓட மறுத்த வீடியோ

அத்தியாயம் 9

மணியனின் மண்டையைப் பிளந்தது யார் என்று அந்த வீடியோவுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று அது அடம் பிடித்தது.

கிறிஸ்துராஜ் மறுபடியும் அதைத் தட்டிப் பார்த்தான். லேப்டாப்பில் கறுப்புக் கட்டம் வந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, பிறகு 'இந்த ஃபைலை இயக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிட்டு மூடிக்கொண்டது.

"வேற பிளேயர்ல போட்டுப் பாரு," என்றாள் கயல்விழி.

"இருக்கற பிளேயர் எல்லாத்துலயும் போட்டாச்சு மேடம். பேரை மாத்திப் பார்த்தேன். பழைய செல்லுல ஏத்திப் பார்த்தேன், புதுச் செல்லுல ஏத்திப் பார்த்தேன். இனிமே வேப்பிலை அடிக்கறதுதான் பாக்கி. எங்க சர்ச் ஃபாதருக்குத் தெரிஞ்சா அந்த அடி எனக்கு விழும்."

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முனையில் இருந்தது கிறிஸ்துராஜின் செல்போன் சர்வீஸ் கடை. அதன் பின்னறைதான் கயல்விழியின் துப்பறியும் அலுவலகம். வாடகைக்குப் பதிலாக அவன் அவளுக்கு உதவியாளன் ஆனானா, அவன் வாயைச் சகித்துக்கொள்வதற்காக அவள் வாடகை தருவதில்லையா என்பது இருவருக்குமே மறந்துபோன விஷயம். கயல்விழி முன்பு இன்ஷூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய லாரிகளைச் சுற்றி வந்து, தானாக இடித்ததா, இடிக்க வைத்ததா என்று சொல்வது அவள் வேலை. அந்த வேலையில் பொய் கேட்டுக் கேட்டு, மனிதர்களைவிடத் தகரத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகமாகியிருந்தது.

எதிரே ராசிபுரத்து ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். அவளைக் காரில் கூட்டி வந்த பெரியப்பா மகன் பூபதி பக்கத்தில் நின்றான். சேந்தமங்கலம் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். கழுத்தில் கட்டை விரல் தடிமனுக்குச் சங்கிலி, நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன்.

கொலை நடந்தது அவன் பட்டறையில்தான். நாக்பூருக்குப் போய்த் திரும்பிய லாரியை மணியனும் மதனும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மணியன் மூத்த டிரைவர், மதன் மாற்று டிரைவர், ரஞ்சனியின் புருஷன். மதன் பிரியாணி வாங்கப் போனான். திரும்பி வந்தபோது லாரிக்குப் பின்னால் மணியன் மண்டை பிளந்து கிடந்தான். பயந்து ஓடியவன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான். வழியில் இருவருக்கும் கைகலப்பு நடந்ததைப் பார்த்த சாட்சி இருந்ததால், போலீஸ் மதனைத்தான் தேடியது. மணியனின் உறவுக்காரர்கள் ரஞ்சனியின் வீட்டுக் கதவை உடைத்து, மாமனாரின் கையை முறித்துவிட்டுப் போயிருந்தார்கள். மதன் கிடைத்தால் முறிவது கையல்ல, கழுத்து என்று சொல்லிவிட்டும் போயிருந்தார்கள்.

அந்த லாரியின் முன் கண்ணாடியில், டிரைவர்களைக் கண்காணிக்க டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒரு கேமரா வைத்திருந்தது. உள்ளே சிம் கார்டு போட்ட கேமரா. எடுக்கிற படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பெனியின் ஆப்புக்குத் தானே அனுப்பிவிடும். அந்த ஆப் மதன் கையிலும் இருந்தது. ஒளிந்திருந்த இடத்திலிருந்து அவன் டவுன்லோடு செய்து மனைவிக்கு அனுப்பிய ஃபைல்தான் இப்போது ஓட மறுத்தது.

"டவுன்லோடு பாதியில நின்னுருக்குமா?" கயல்விழி கேட்டாள்.

"இல்லை மேடம். இவங்க செல்லுல அதே ஆப்பைப் போட்டு, நானே புதுசா இறக்கிட்டேன். ஆப்புல என்ன சைஸோ இங்கயும் அதே சைஸ். ஒரு பருக்கை குறையலை. அங்கயே ஓடலை, இங்கயும் ஓடலை."

"இதுக்கு முந்தின துண்டு?"

"ஓடுது. பிந்தினதும் ஓடுது. ஆனா இது நின்னதுக்கும் அது ஆரம்பிச்சதுக்கும் நடுவுல முக்கால் மணி நேரத்துக்குப் படமே இல்லை."

அவன் பிந்திய துண்டைப் போட்டான். பட்டறையின் செங்கல் சுவர் தெரிந்தது. கையில் பையோடு மதன் வந்தான். பின்பக்கம் போனான். பை விழும் சத்தம் கேட்டது. "அண்ணா! மணியண்ணா!" என்ற அலறலைக் கேட்டதும் ரஞ்சனி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்து இன்னொரு குரல் கேட்டது. "மாப்ளே, உம்மேலதான் பழி வரும். ஓடீரு. மொதல்ல இங்கிருந்து ஓடீரு."

பூபதி தலை குனிந்துகொண்டான்.

"நாந்தானுங்க அது. அப்பத்தான் பட்டறைக்குள்ள வாரேன், ரத்தத்தைப் பார்த்ததும் கையும் ஓடலை காலும் ஓடலை. தங்கச்சி தாலியாச்சேன்னு ஓடச் சொல்லிப் போட்டேன். தப்புத்தானுங்க."

"இது போதாதாங்க?" ரஞ்சனி கேட்டாள். "அவரு அப்பறந்தான வந்துருக்காரு?"

"கொன்னுட்டுப் போய் பிரியாணி வாங்கிட்டு வந்து நடிச்சான்னு போலீஸ் சொல்லும்," என்றாள் கயல்விழி. "அடி விழுந்த நேரம் அந்த ஓடாத துண்டுலதான் இருக்கு."

"அப்ப அது செத்த ஃபைலுங்களா?" பூபதி கேட்டான்.

"சாகலீங்க. கோமா." கிறிஸ்துராஜுக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. "கேமரா படத்தை எழுதிக்கிட்டே போகும். நிறுத்தும்போதுதான், எந்தக் காட்சி எங்க இருக்குதுன்னு கடைசியில ஒரு குறிப்பு எழுதி மூடும். பிளேயர் முதல்ல தேடறது அந்தக் குறிப்பைத்தான். இதுல அது இல்லை. சமையல் முடிஞ்சு அண்டா அண்டாவா சோறு இருக்கு, பரிமாற ஆளில்லை, அவ்வளவுதான். அதே கேமரா எடுத்த நல்ல துண்டு ஒண்ணை மாதிரியாக் காட்டினா, அதைப் பார்த்து இதுக்கும் குறிப்பு எழுதற சாஃப்ட்வேர் இருக்குது. கொஞ்ச நேரத்துல படம் வராட்டியும் சத்தமாவது வந்துரும்."

"சத்தம் வந்துருமுங்களா?"

"கொசு பாடினாக்கூட வந்துரும்."

பூபதி நல்லது என்று தலையாட்டினான். செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"லாரியை ஸ்டேஷன்ல இருந்து உட்டுட்டாங்களாம். பட்டறைக்கு வந்துருச்சு. கம்பெனிக்காரங்க நாளைக்கே லோடுக்கு அனுப்போணுமாம், பின்னால கொஞ்சம் வேலை கெடக்குது. நான் போய்ட்டு வாரேனுங்க. அம்மிணி, நீ இங்கயே இரு. படம் வந்ததும் எனக்குப் போன் போடு, சாமி."

அவன் கார் கிளம்பிப் போனது. கிறிஸ்துராஜ் சாஃப்ட்வேரை ஓடவிட்டான். திரையில் பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் நகர ஆரம்பித்தது.

கோடு முக்கால்வாசி தாண்டியிருக்கும். கடைக் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மூவர் முகத்திலும் துண்டு, கையில் டயர் கழற்றும் லீவர். முதலாமவன் கவுண்டரைத் தாண்டிக் குதித்து லேப்டாப்பின் மேல் லீவரை இறக்கினான். திரை இரண்டாகப் பிளந்தது. கிறிஸ்துராஜ் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அது வீரமா, முட்டாள்தனமா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டாவது லீவர் அவன் இடது காதோரம் இறங்கியது. காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் சூடாக ஓடியது. கீழே விழுந்தவனின் விலாவில் ஒரு பூட்ஸ் கால் வந்து வந்து போனது. ஏதோ ஒன்று முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

மூன்றாமவன் ரஞ்சனியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "செல்லு எங்கடி?" என்று உறுமினான்.

கயல்விழி மேசையிலிருந்து சால்டரிங் கம்பியை எடுத்தாள். அது காலையிலிருந்தே சூடாக இருந்தது. ரஞ்சனியைப் பிடித்திருந்தவனின் மணிக்கட்டில் அதை வைத்து அழுத்தினாள். சதை பொசுங்கும் நாற்றம் கடை முழுக்கப் பரவியது. அவன் கத்திய கத்தலில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கயல்விழி கம்பியை எடுக்கவில்லை. இரண்டாமவன் அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, அதே கம்பியை அவன் கன்னத்தில் இழுத்துவிட்டாள். தெருவில் ஆட்கள் கூடியதும் மூவரும் லேப்டாப்பின் மிச்சத்தை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்தார்கள்.

கிறிஸ்துராஜ் தரையில் படுத்தபடியே, "மேடம், காது இருக்குதா பாருங்க. கண்ணாடி மாட்டறதுக்காவது வேணும்," என்றான். பேச்சுதான் வேடிக்கையாக வந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் படத்தைக் கோட்டை விட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

"பாதி இருக்கு." கயல்விழி துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். "இந்த ஃபைலுக்கு உயிர் வரும்னு நீ சொன்னப்ப ரூம்ல எத்தனை பேர் இருந்தோம்?"

"நாலு..." சொல்லி முடிப்பதற்குள் கிறிஸ்துராஜ், பூபதி நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

ரஞ்சனியின் நெற்றி புடைத்து ரத்தம் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "இல்லீங்க. எங்கண்ணன் அப்படிச் செய்யாதுங்க. அதுதானுங்க என்னை இங்க கூட்டிட்டு வந்துச்சு."

"ஃபைல் ஓடுமா ஓடாதான்னு தெரிஞ்சுக்கக் கூட்டிட்டு வந்திருக்கான். மதன் இருக்கற இடம் அவனுக்குத் தெரியுமா?"

ரஞ்சனி சுவரைப் பிடித்து எழுந்தாள். "வர்ற வழியிலதானுங்க சொன்னேன். ராசிபுரத்துல தெய்வநாயகியக்கா தறிக்கூடம்."

அவள் தெய்வநாயகியின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் தெய்வநாயகியின் குரல் நிம்மதியாக வந்தது. "ஏன் அம்மிணி, உனக்குத் தெரியாதா? உங்கண்ணன் இப்பத்தான வந்து கூட்டிட்டுப் போச்சு. போலீஸ்ல பேசி எல்லாம் முடிச்சாச்சுன்னுச்சே."

கயல்விழியின் பழைய ஜீப் கொண்டலாம்பட்டியைத் தாண்டி நாமக்கல் ரோட்டில் பறந்தது. பின் சீட்டில் ரஞ்சனி, மதனின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். சுவிட்ச் ஆஃப். கயல்விழி போலீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எந்த இடம் என்று அவர்கள் கேட்டார்கள். தெரிந்ததும் சொல்கிறேன் என்று வைத்தாள்.

"கொல்லிமலைப் பக்கம் கொண்டு போனானா, கெணத்துல தள்ளப் போறானா, எங்கன்னு தேடறது?" என்றான் கிறிஸ்துராஜ். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் விலா ஒரு தரம் உயிரை எடுத்தது. "இருந்த ஒரே சாட்சி அந்த வீடியோ. அதை மறுபடி இறக்கி ஓட வைக்க லேப்டாப்பும் இல்லை, நேரமும் இல்லை."

கயல்விழி திடீரென்று ஸ்டீயரிங்கைத் தட்டினாள்.

"கிறிஸ்து, அது ஏன் ஓடலை?"

"கடைசிக் குறிப்பு எழுதலை மேடம். ஆயிரம் தடவை சொல்லிட்டேன்."

"ஏன் எழுதலை?"

"எழுதறதுக்குள்ள கரண்டு போயிருக்கும்."

"லாரிக் கேமராவுக்கு எங்கிருந்து கரண்டு?"

"பேட்டரி. சாவியை எடுத்தாக்கூட ஓடற மாதிரி நேரா பேட்டரியில குடுத்துருக்காங்க. டிரைவர் நிறுத்திடக் கூடாதுன்னு."

"அப்ப எவனோ பேட்டரி ஒயரையே கழட்டியிருக்கான். கேமராவை நிறுத்தத்தான் கழட்டினான்னு வச்சுக்க. அதுக்குக் கேமராவைப் பிடுங்கிட்டுப் போறது சுலபம். அப்படியே ஒயரைக் கழட்டினாலும், முக்கால் மணி நேரம் கழிச்சுத் திரும்ப எதுக்கு மாட்டினான்? மாட்டினதாலதான் அந்தப் பாதித் துண்டு ஆப்புக்கு வந்து சேர்ந்துச்சு. கொலைகாரனே சாட்சிக்கு உயிர் குடுப்பானா?"

கிறிஸ்துராஜ் வலியை மறந்து அவளைப் பார்த்தான்.

"அவன் கேமராவைப் பத்தி நெனைக்கவே இல்லை," என்றாள் கயல்விழி. "லாரியில பேட்டரி ஒயரைக் கழட்டி வச்சுட்டுச் செய்யற வேலை ஒண்ணு இருக்கு. நான் சர்வேக்குப் போகாத பட்டறை இல்லை. இப்ப வர்ற லாரி இன்ஜின்ல கம்ப்யூட்டர் டப்பா இருக்கு. பேட்டரியைக் கழட்டாம வெல்டிங் வச்சா அது புகைஞ்சுரும், லட்சக்கணக்குல தண்டம். அதனால பாடி கட்டறவன் வெல்டிங் ஹோல்டரைக் கையில எடுக்கறதுக்கு முன்னால கை தானா பேட்டரிக்குப் போகும். கொலை பண்ணிட்டு, ரத்தக் கையோட நிக்கறப்பவும் போகும்."

"ஞாயித்துக்கிழமை, பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வெல்டிங்கா? எதை ஒட்ட வச்சான்?"

"நாக்பூர்ல இருந்து வர்ற லாரி. அதுக்குப் பாடி கட்டினவன் பூபதி. லாரித் தளத்துக்கு அடியில ரகசிய அறை ஒண்ணு கட்டி, எதையோ கடத்திட்டு இருந்திருக்கான். மணியன் அதைப் பேத்துட்டான், உயிரை விட்டான். போலீஸ் வர்றதுக்குள்ள மூடியாகணும். அடிச்ச ஆயுதத்தையும் ரத்தச் சட்டையையும் உள்ள போட்டு மூடியிருப்பான். போலீஸ்காரங்க அதை ஊரெல்லாம் தேடினாங்களே, அது ஸ்டேஷன் வாசல்லயே நின்னுருக்கு."

ரஞ்சனி முன்னால் குனிந்தாள். "அதெல்லாம் இருக்கட்டுங்க. அவரு எங்கீங்க?"

"ஆப்பைத் திற," என்றாள் கயல்விழி. "கேமரா இப்ப என்ன சொல்லுது?"

கிறிஸ்துராஜ் ரஞ்சனியின் செல்லை வாங்கித் தட்டினான். ஆப்பில் லாரியின் பெயர் சாம்பல் நிறமாக இருந்தது.

"ஆஃப்லைன் மேடம். டவர் இல்லைன்னா சிக்னல் இல்லைன்னு காட்டும். இது கரண்டே இல்லைங்குது. கடைசியா இருந்த இடம், சேந்தமங்கலம் ரோடு பட்டறை. இப்பத்தான் அணைஞ்சிருக்கு." அவன் குரல் இறங்கிப்போனது. "மேடம்... அவன் மறுபடியும் வெல்டிங் வைக்கறான்."

எதை உள்ளே வைத்து என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்கு லோடு ஏறும் லாரி. ஆயிரம் மைல் தாண்டி எங்கேயாவது தகட்டைத் திறந்து மதனைக் கொட்டிவிட்டால், போலீஸ் தேடும் கொலைகாரன் கடைசிவரை கிடைக்கவே மாட்டான். ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டாள். கிறிஸ்துராஜ் போலீசுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு, சத்தம் போட்டே மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தான்.

பட்டறையின் இரும்புக் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் நீல வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. கயல்விழி ஹாரன்கூட அடிக்கவில்லை. ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து, முழு வேகத்தில் கேட்டில் கொண்டுபோய் மோதினாள். கேட் பிய்ந்து விழுந்தது. ரேடியேட்டர் வெடித்து ஆவி சீறியது. முன் கண்ணாடியில் இடித்துக்கொண்ட கிறிஸ்துராஜின் மூக்கிலிருந்தும் ரத்தம் கொட்டியது.

"இன்னிக்கு என்கிட்ட இருக்கற ரத்தம் எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான் விடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குதித்தான்.

லாரிக்கு அடியில் படுத்திருந்த பூபதி முகமூடியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பக்கத்திலிருந்த சம்மட்டியை எடுத்தான். கயல்விழி ஓடிப்போய் வெல்டிங் மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தாள். அவள் திரும்புவதற்குள் சம்மட்டி இறங்கியது. அவள் குனிந்தாள், தலைக்கு வந்தது தோளில் விழுந்தது. இடது கை செயலற்றுத் தொங்க, அவள் இரும்புப் பட்டைகளின் மேல் போய் விழுந்தாள். பூபதி அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, வயிற்றில் முழங்காலால் மோதிக் கீழே போட்டான்.

"பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி சம்மட்டியை ஓங்கினான்.

பார்க்கிற ஆள் ஓங்குவானா என்று கிறிஸ்துராஜுக்கு எரிந்துகொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் போகத் தெம்பில்லை. சுற்றிலும் பார்த்தான். புது லாரி ஒன்றுக்கு மாட்ட வேண்டிய பின்கதவு, கப்பியில் கயிறு கட்டி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறு நுனி அவன் பக்கத்துத் தூணில் கட்டியிருந்தது. பூபதி நின்றது அதற்கு நேர் கீழே. கயல்விழி அவன் காலடியில் கிடந்தாள்.

"மேடம், உருளுங்க!" என்று கத்திவிட்டு முடிச்சை இழுத்தான்.

அவள் உருண்டாள். கதவு இறங்கியது. பூபதி பின்னால் எம்பினான், ஆனால் முழுதாகத் தப்பவில்லை. இரண்டு முழங்கால்களும் இரும்புக்கு அடியில் நொறுங்கிய சத்தத்தை அதற்குப் பிறகு வந்த அலறல் மூடிவிட்டது.

அலறல் அடங்கியபோது இன்னொரு சத்தம் கேட்டது. லாரியின் அடியிலிருந்து, மிகவும் பலவீனமாக, உள்ளே யாரோ காலால் உதைக்கும் சத்தம்.

ரஞ்சனி லாரிக்கு அடியில் பாய்ந்தாள். லாரியின் தளத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு தகடு, மூன்று மூலையில் மட்டும் ஒட்டியிருந்தது. நாலாவது மூலை இன்னும் ஒட்டவில்லை. கிறிஸ்துராஜ் ஒரு கம்பியை அந்த இடுக்கில் செருகித் தொங்கினான். விலா எலும்பு வெளியே வந்துவிடும் போல வலித்தது. தகடு அசைந்தது. ரஞ்சனி வெறும் கையால் அதைப் பிடித்து இழுத்தாள். தகடு பழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. அவள் விடவில்லை. "மாமா, இதா வந்துட்டேன், மாமா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள்.

தகடு பிய்ந்து விழுந்தது. கூடவே மதனும் அவள் மேல் சரிந்தான். கை கால்களைக் கட்டுக் கம்பியால் முறுக்கியிருந்தது, வாயில் பிளாஸ்டர். முன்பற்கள் இரண்டு இல்லை. ஒரு கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. பிளாஸ்டரைப் பிய்த்ததும் அவன் காற்றை இழுத்த இழுப்பில் கிறிஸ்துராஜின் கண் நிறைந்துவிட்டது. உயிர் இருந்தது.

கயல்விழி ஒரு கையால் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பழுப்பு டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் சுருட்டி எறிந்த ஒரு சட்டை, காய்ந்த ரத்தத்தில் விறைத்துப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு லீவர், முனையில் மணியனின் நரைமுடி ஒட்டியிருந்தது.

"அம்மிணி..." கதவுக்கு அடியிலிருந்து பூபதி முனகினான். "உனக்காவத்தான் அன்னிக்கே அவனை ஓடச் சொன்னேன். மணியன் தகட்டைப் பேத்துட்டு போலீசுக்குப் போறேன்னான். அவனை உட முடியுமா? உம்புருசன் அப்படியே ஓடிப் போயிருந்தா நான் எதுக்குத் தொடப் போறேன்? அந்தப் படத்தை இறக்கி அனுப்புனானே, அதாலதான் சாமி. நாம ஒரே ஊட்டுப் புள்ளைங்க. நீயே யோசிச்சுப் பாரு."

ரஞ்சனி புருஷனின் தலையைக் கிறிஸ்துராஜின் மடியில் மெதுவாக வைத்தாள். எழுந்தாள். அறைக்குள் கையை விட்டு, தோலுரிந்த விரல்களால் அந்த லீவரை எடுக்கப் போனாள். அவள் முகத்தில் அழுகையின் சுவடே இல்லை.

"ரஞ்சனி!" கயல்விழியின் குரல் ஓங்கி வந்தது. "அதைத் தொடாதீங்க. அதுல அவன் கைரேகை இருக்கு."

ரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் போலீஸ் ஜீப்பின் சைரன் தூரத்தில் கேட்டது.

கயல்விழி உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, பூபதியையும் பார்த்தாள், தகட்டில் ஒட்டியிருந்த தோலையும் பார்த்தாள்.

"செவுத்தோரமா வேற லீவர் கெடக்குது பாருங்க," என்றாள்.

ரஞ்சனி சுவரோரம் போனாள். கிறிஸ்துராஜ் மதனின் காதுகளைப் பொத்தியபடி கேட் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.